ஒரு கார்டியாலஜிஸ்ட் போதாதா? பரம்பரை இதய நோய்ப் பிரிவில் ஏன் இத்தனை பேர்?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரின் அண்ணன், 38 வயது, லண்டனில் பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருக்கும்போது சரிந்து விழுந்து இறந்துவிட்டார். பிரேதப் பரிசோதனையில் ஹெச்.சி.எம். என்று வந்திருக்கிறது, அதாவது வெளிக்காரணம் எதுவும் இல்லாமல் இதயத் தசை தடித்துப்போகும் நோய். இப்போது உங்கள் கணவரைப் பரம்பரை இதய நோய்ப் பிரிவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அதில் கார்டியாலஜிஸ்ட், ஜெனடிக் கவுன்சிலர், ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. "ஒரு நல்ல கார்டியாலஜிஸ்ட் போதாதா, போன வருடம் எடுத்த இ.சி.ஜி. நார்மல்தானே, ரத்தம் எடுத்து மரபணு டெஸ்ட் பண்ணினால் தெரிந்துவிடாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், பிள்ளைகளுக்கு 9, 13 வயது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஐ.சி.யூ. நர்ஸாக இருந்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தேன். கடந்த 13 வருடங்களாக இப்படியொரு பிரிவில்தான் வேலை. உங்கள் கணவரின் இதயத்தைப் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் என்னால் சொல்ல முடியாது. அந்தப் பிரிவு எப்படி இயங்குகிறது, ஏன் அப்படி, அங்கே போகும்போது எதைக் கையில் எடுத்துப் போனால் உபயோகம் என்பதைச் சொல்ல முடியும்.

சாதாரண இதயப் பிரிவில் நோயாளி என்பது எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருத்தர். எங்கள் பிரிவில் நோயாளி என்பது குடும்பம். அதனால் முதல் முக்கால் மணி நேரம் பெரும்பாலும் இதயத்தைப் பற்றியே பேச்சு இருக்காது. ஜெனடிக் கவுன்சிலரோ என்னைப்போல ஒரு நர்ஸோ ஒரு பெரிய தாளில் சதுரமும் வட்டமுமாக வம்சாவளி வரைவோம். ஆண் சதுரம், பெண் வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. மூன்று தலைமுறை, முடிந்தால் நான்கு. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் விஷயத்தில் தப்பு நடக்கும். நமக்குப் பெரியப்பா மகனும் அண்ணன், பெரியம்மா மகனும் அண்ணன், கூடப் பிறந்தவரும் அண்ணன். போனில் வரும் மொழிபெயர்ப்பாளர் மூன்றையும் ஒரே ஆங்கில வார்த்தையில் சொல்லிவிடுவார். ஒருமுறை அப்படித்தான் ஒருத்தர் "அண்ணன் தூக்கத்திலேயே போயிட்டார்" என்றார், கூடப் பிறந்தவர் என்று எழுதிவிட்டார்கள். இரண்டாவது தடவை வந்தபோது நான் தமிழில் கேட்டேன், பெரியம்மா மகன் என்று தெரிந்தது. நோய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே அதோடு மாறிப்போனது. அதற்குள் அப்பா வழிச் சொந்தத்தில் நாலு பேர் வேலைக்கு லீவு போட்டு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்திருந்தார்கள். ஆகவே யாரைச் சொன்னாலும் "கூடப் பிறந்த", "பெரியப்பா மகன்" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஊரில் எல்லாத் திடீர்ச் சாவுக்கும் ஒரே பெயர்தான்: ஹார்ட் அட்டாக். அதனால் நாங்கள் வேறு மாதிரி கேட்போம். குடும்பத்தில் யாராவது நன்றாக நீச்சல் தெரிந்தும் கிணற்றில் மூழ்கிப் போனார்களா? காலி ரோட்டில் வண்டி தானாகப் போய் மரத்தில் மோதியதா? காக்காய் வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தும் கேட்காத பிள்ளை இருந்ததா? இவையெல்லாம் சில சமயம் இதயத் துடிப்புக் கோளாறாக இருந்திருக்கும். லாங் க்யூ.டி. என்று ஒரு பரம்பரை நோயில் ஒரு வகைக்கு நீச்சலும், இன்னொரு வகைக்கு அலாரம் மாதிரி திடீர்ச் சத்தமும் ஆபத்தைத் தூண்டும். உங்கள் குடும்பத்தில் நோயின் பெயர் ஏற்கெனவே தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்பார்கள். மாமியாருக்குப் போன் போட்டு இந்தக் கேள்விகளையெல்லாம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே அவரையும் மாமனாரையும் ஊரிலேயே ஒரு இ.சி.ஜி., ஒரு எக்கோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுபது வயதில் ஒருத்தருக்குத் தசை தடித்திருப்பது தெரிந்தால் பாதி வம்சாவளியை ஒரே நாளில் ஓரம் வைத்துவிடலாம்.

சரி, இ.சி.ஜி. நார்மல் என்பதற்கு வருவோம். ஹெச்.சி.எம். இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இ.சி.ஜி.யில் ஏதாவது மாற்றம் தெரியும், ஆனால் நூற்றில் ஐந்து பத்துப் பேருக்குத் தெரியாது. அதனால்தான் எக்கோ. பெரியவர்களுக்கு இடது கீழறையின் சுவர் எங்காவது 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என்பார்கள். இப்படி ஏற்கெனவே நோய் உறுதியான குடும்பத்தில் நெருங்கிய ரத்த உறவு என்றால் 13 இருந்தாலே போதும். எக்கோவில் சரியாகப் பிடிபடாத மூலைகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், தசைக்குள் தழும்பு இருக்கிறதா என்பதையும் அதில் பார்க்கலாம். 24 மணி நேரமோ 48 மணி நேரமோ நெஞ்சில் ஒட்டிக்கொண்டு போகிற, துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி, சைக்கிள் மிதிக்கவைத்து எடுக்கும் டெஸ்ட், இவையும் இருக்கும். எதுவும் வலிக்காது. எல்லாம் நார்மல் என்று வந்தால் "இன்றைக்கு நோய் இல்லை" என்றுதான் அர்த்தம். இந்த நோய் பதின்ம வயதிலும் தலைகாட்டும், ஐம்பதிலும் தலைகாட்டும். மரபணுவில் பிழை இருந்தும் கடைசிவரை தசை தடிக்காமலேயே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

மரபணு டெஸ்ட் பற்றித்தான் அதிகமான தப்பெண்ணம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் கணவரின் ரத்தத்தை முதலில் எடுத்து எதுவும் இல்லை என்று வந்தால் அதற்கு மதிப்பே கிடையாது. ஏனென்றால் ஹெச்.சி.எம். உறுதியாக இருப்பவர்களிலேயே பாதிப் பேருக்குத்தான், சில இடங்களில் அதைவிடக் குறைவாகத்தான், மரபணுவில் காரணம் கண்டுபிடிக்க முடிகிறது. கண்டுபிடித்தவற்றில் பெரும்பாலானவை எம்.ஒய்.ஹெச்.7, எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற இரண்டு மரபணுக்களில் இருக்கும். ஆகவே முதலில் நோய் நிச்சயமாக இருந்தவரின் மரபணுவைப் பார்க்கவேண்டும். உங்கள் வீட்டில் அது இறந்துபோன அண்ணன். பிரேதப் பரிசோதனை செய்தவர் மண்ணீரலிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து உறைய வைத்திருந்தால் அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம். அதனால் முதல் வேலையாக, திடீர் மரணங்களை விசாரிக்கும் கொரோனர் அலுவலகத்தில் திசு எடுத்து வைக்கப்பட்டதா, இதயம் அதை ஆராய்கிற இதய நோய்க்கூறு நிபுணருக்குப் போனதா என்று கேளுங்கள். நீங்கள் கேட்கத் தயங்கினால் உங்கள் பிரிவின் நர்ஸிடம் சொன்னால் அவரே கேட்பார், எங்கள் வாரத்தில் ஒரு நாள் இப்படிப் போன் பண்ணுவதிலேயே போகும். இந்த நோயைத் தெளிவாக விவரித்ததே ஒரு நோய்க்கூறு நிபுணர்தான். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் ராபர்ட் டியர், 1958-ல், இளம் வயதினர் 8 பேரின் இதயத்தை வைத்து எழுதினார். பிணவறைக்காரரும் எங்கள் டீமில் ஒருவர் என்று சொன்னால் புதிதாக வருபவர்கள் முகம் மாறும், ஆனால் நிஜம் அதுதான்.

அண்ணனிடம் பிழை எது என்று தெரிந்துவிட்டால் கதையே சுலபமாகிவிடும். உங்கள் கணவரிடம் அந்த ஒரு எழுத்துப் பிழையை மட்டும் தேடினால் போதும், உண்டு அல்லது இல்லை என்று பதில் வரும். இந்த நோய் பெரும்பாலும் பாதிக்குப் பாதி என்ற கணக்கில் இறங்கும். கணவருக்கு இல்லை என்று வந்தால் பிள்ளைகள் எங்கள் பக்கம் வரவே வேண்டாம், கணவரையும் நாங்கள் அனுப்பிவிடுவோம். உண்டு என்று வந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாதி வாய்ப்பு. "ரெண்டு பேரில் ஒருத்தருக்கு வரும்" என்று இதைப் புரிந்துகொண்டு, மூத்தவளுக்கு இருக்கிறது என்றதும் சின்னவனுக்கு இருக்காது என்று நிம்மதியடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு புதிதாகச் சுண்டப்படும்.

அண்ணனின் திசு இல்லை, அல்லது இருந்தும் எதுவும் கிடைக்கவில்லை என்றால் மரபணு வழி மூடிவிடும். அப்போது பழையபடி எல்லாருக்கும் சில வருடங்களுக்கு ஒருமுறை இ.சி.ஜி., எக்கோ. பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் இன்னும் அடிக்கடி, வருடத்துக்கு ஒன்றோ இரண்டு வருடத்துக்கு ஒன்றோ. அலுப்புதான், வேறு வழியில்லை.

மூன்றாவதாக ஒரு பதிலும் வரலாம், அது எல்லாவற்றையும்விடச் சங்கடமானது: ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது நோயைத் தருமா தராதா என்று தெரியவில்லை. நாங்கள் வி.யு.எஸ். என்போம். ஒன்று என்றால் தீங்கில்லாதது, ஐந்து என்றால் நோய் தருவது நிச்சயம் என்று தரம் போட்டால் இது நடுவில் உள்ள மூன்று. நான்கும் ஐந்தும் வந்தால்தான் உறவினர்களுக்கு டெஸ்ட் செய்வோம், மூன்றை வைத்துக்கொண்டு யாரையும் "உனக்கு இல்லை, போ" என்று அனுப்ப மாட்டோம். தெற்காசியர்களுக்கு இந்த மூன்று கொஞ்சம் அதிகமாக வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் தரவில் ஐரோப்பியர்களே நிறைந்திருப்பது ஒரு காரணம். சில வருடம் கழித்து மூன்று இரண்டாக இறங்கலாம், நான்காகவும் ஏறலாம். அதனால் வீடு மாறினால் புது முகவரியை எங்களுக்குச் சொல்லுங்கள்.

கூகுளில் தேடினால் "இந்தியர்களில் நூற்றில் நாலு பேருக்கு இதய நோய் மரபணு" என்ற பழைய செய்தி கண்ணில் படும், அதைப் பார்த்துப் பயந்து போன் பண்ணுகிறவர்கள் மாதத்துக்கு ஒருவர் உண்டு. விஷயம் இதுதான். எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்து விடுபட்டிருப்பதை தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் தங்கராஜ் முதலானோர் 2009-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் எழுதினார்கள். தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அது இருக்கிறது, இதயத் தசை நோயாளிகளிடம் அதிகம் காணப்படுகிறது என்றார்கள். விடுபட்டிருப்பது உண்மை, 4 சதவீதமும் உண்மை. ஆனால் குற்றவாளி அதுதானா என்பதில் பிற்பாடு சந்தேகம் வந்தது. அதை வைத்திருப்பவர்களில் ஒரு சிலரிடம் மட்டும் பக்கத்திலேயே இன்னொரு பிழையும் சேர்ந்து வருகிறது, ஆபத்தின் பெரும்பகுதி அந்த இரண்டாவது பிழையுடையது என்று 2020-ல் வந்த மறு ஆய்வு சொல்கிறது. இன்றைக்கு எங்கள் பிரிவில் வெறும் 25 எழுத்துப் பிழையை வைத்து யாருக்கும் நோய் முத்திரை குத்துவதில்லை.

இத்தனை பேர் எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா, ஒரு வியாழக்கிழமையைச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை எல்லாரும் ஒரே அறையில் கூடுவோம், சுவரில் ஸ்கேன் ஓடும். ஐம்பதை ஒட்டிய ஒருவரின் படம் வந்தது, சுவர் 17 மில்லிமீட்டர், ரத்த அழுத்தமும் கொஞ்சம் உண்டு. எக்கோ பார்த்தவர் ஹெச்.சி.எம். என்றார். எம்.ஆர்.ஐ. பார்த்தவருக்குத் தழும்பு இருந்த இடம் உறுத்தியது, வழக்கமான இடத்தில் இல்லை. மரபணுவில் எதுவும் கிடைக்கவில்லை, அது அப்போது வழக்கமான சின்னப் பட்டியலை மட்டும் வைத்துச் செய்த டெஸ்ட். அப்போது கவுன்சிலர் தன் குறிப்பைப் புரட்டிக்கொண்டே, "சின்ன வயசிலிருந்தே காய்ச்சல் வந்தால் உள்ளங்கையும் பாதமும் எரியுமாம், வியர்க்காதாம், அவர் அம்மாவுக்கும் அப்படியாம்" என்றார். அறை ஒரு நிமிடம் அமைதியானது. அது ஃபேப்ரி நோய், ஒரு நொதி குறைவதால் வருவது. இதயத்தில் பார்த்தால் ஹெச்.சி.எம். மாதிரியே வேஷம் போடும். அதற்கு வைத்தியம் வேறு, இறங்கும் விதமும் வேறு. அப்பாவிடமிருந்து மகன்களுக்குப் போகவே போகாது, மகள்கள் எல்லாருக்கும் போகும். அதுவரை மகனைக் கண்காணித்துக்கொண்டு, மகளை "இப்போதைக்கு ஒன்றுமில்லை" என்று வைத்திருந்தோம். கெட்டிக்கார கார்டியாலஜிஸ்ட் தனியாகவே கண்டுபிடித்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பத்து நிமிட ஓ.பி.யில் உள்ளங்கை எரிச்சலைப் பற்றி யார் கேட்பார்கள்?

அதே அறையில்தான் ஐ.சி.டி. வைப்பதா வேண்டாமா என்பதும் முடிவாகும். துடிப்பு தாறுமாறானால் உள்ளேயிருந்தே ஷாக் கொடுத்து மீட்கிற கருவி அது, தோலுக்கடியில் வைப்பது. வயது, சுவரின் தடிப்பு, குடும்பத்தில் திடீர் மரணம், காரணமற்ற மயக்கம் மாதிரி ஏழு விவரங்களைப் போட்டால் அடுத்த 5 வருட ஆபத்து எத்தனை சதவீதம் என்று சொல்லும் ஐரோப்பியக் கணக்கு ஒன்று 2014-லிருந்து இருக்கிறது. 6 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் வைப்பதைப் பற்றித் தீவிரமாகப் பேசுவோம், 4-க்குக் கீழே என்றால் பொதுவாக வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கு 16 வயதுக்குக் கீழே செல்லாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும் தழும்பையும் அது பார்ப்பதில்லை. ஆகவே சண்டை நடக்கும், எங்களுக்குள்ளேயே. உங்கள் கணவருக்கு நோயே இருக்கிறதா என்று தெரியாத நிலையில் இதைப் பற்றி இப்போதே யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வைத்தியத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நோய் உள்ளவர்களில் நிறையப் பேருக்கு மாத்திரையே தேவைப்படுவதில்லை, கண்காணிப்பு மட்டும்தான். 500 பேரில் ஒருவருக்கு இருக்கிற நோய் இது, அவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஆயுள் வாழ்கிறார்கள். ரத்தம் வெளியேறும் பாதை அடைபட்டால் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, 2023-லிருந்து இங்கிலாந்தில் மாவகாம்டென் என்ற மாத்திரையும் கிடைக்கிறது. அது தசையின் இழுவிசையையே குறைப்பதால் அடிக்கடி எக்கோ எடுத்துக்கொண்டே கொடுக்க வேண்டும். கேட்காவிட்டால் தடித்த தசையைச் செதுக்கும் ஆபரேஷன், அல்லது அதற்குப் போகும் ரத்தக்குழாயில் ஆல்கஹால் செலுத்திச் சுருக்குவது.

பிள்ளைகள் விஷயம். குடும்பத்தின் பிழை தெரிந்து, கணவருக்கும் இருந்தால், பிள்ளைகளுக்கு டெஸ்ட் செய்யலாம், ஆனால் அவசரம் இல்லை. சில பெற்றோர் உடனே தெரியவேண்டும் என்பார்கள். சிலர் பிள்ளை பெரியவனாகி அவனே முடிவெடுக்கட்டும், அதுவரை எக்கோ மட்டும் எடுக்கிறோம் என்பார்கள். இரண்டும் சரிதான். 13 வயதுக்காரரைத் தயவுசெய்து அறைக்கு வெளியே உட்கார வைக்காதீர்கள். பெரியப்பா எப்படிச் செத்தார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், மீதியைத் தானே கற்பனை செய்துகொண்டிருக்கும். எங்கள் டீமில் ஒரு சைக்காலஜிஸ்ட் இருப்பது இதற்காகத்தான். உங்கள் கணவரும் அவரைப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். அவர் அண்ணனை இழந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

வெளியே சொல்லலாமா என்ற பயம் பற்றி. நோய் இல்லாதவர் செய்துகொண்ட முன்கூட்டிய மரபணு டெஸ்டின் முடிவை இங்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லத் தேவையில்லை. அரசும் காப்பீட்டாளர் சங்கமும் 2018-ல் போட்ட விதி அது, ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய்க்கு மட்டும், அதுவும் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் ஆயுள் காப்பீடு என்றால், விலக்கு. ஆனால் எக்கோவில் நோய் தெரிந்துவிட்டால் அது வேறு, கேட்டால் மறைக்கக் கூடாது. அண்ணனின் மரணத்தைப் பற்றி விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் அதையும் உண்மையாகத்தான் சொல்லவேண்டும். இது இங்கிலாந்து விதி, இந்தியாவில் எடுக்கும் பாலிசிக்குப் பொருந்தாது. ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு நாங்கள் நேரடியாக எதுவும் செய்ய முடியாது. ஆனால் பிழையின் துல்லியமான பெயரோடு ஒரு கடிதம் கொடுப்போம், அதை வைத்து அங்கே எந்த நல்ல லேபிலும் டெஸ்ட் செய்யலாம். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் அந்தக் கடிதம் பீரோவுக்குள் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். அத்தை மகள், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிக்கிற குடும்பம் என்றால் மட்டும் அதை வெளியே எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்துவேன். இரண்டு பக்கமும் ஒரே பிழை இருந்து, பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து இறங்கினால், கைக்குழந்தையிலேயே கடுமையாக வரும் வாய்ப்பு உண்டு.

கடைசியாக, அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் கணவர் பேட்மிண்டன் ஆடலாமா? முன்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிடுவோம். 2023-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், ஹெச்.சி.எம். உள்ளவர்களிலேயே கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மிதமாகச் செய்தவர்களைவிட ஆபத்து கூடவில்லை என்று தெரிந்தது, ஆனால் அவர்கள் எல்லாம் நோய் தெரிந்து மருத்துவக் கவனிப்பில் இருந்தவர்கள். ஒரு தடவைகூடப் பார்க்காதவருக்கு நான் சொல்வது, நடக்கட்டும், மூச்சு வாங்குகிற ஆட்டம் மட்டும் சில வாரம் வேண்டாம். ஓடும்போது மயக்கம், கண் இருட்டுவது, படபடப்பு இதில் எது வந்திருந்தாலும், எப்போதோ வந்திருந்தாலும் சரி, காத்திருக்காமல் கடிதத்தில் இருக்கும் நர்ஸ் நம்பருக்குப் போன் பண்ணுங்கள், தேதியை முன்னால் கொண்டுவருவார்கள். மயங்கியே விழுந்தால் 999. அந்தப் போனிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள். அவரிடமும் அண்ணன் என்றால் எந்த அண்ணன் என்று சொல்ல மறக்காதீர்கள்.